104 ஒன்று போட்டால் போதுமா?

எந்த ஐ.சி.யாக இருந்தாலும் சரி, பவர் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் வேலை முடிந்தது என்று நம் பொறியியல் மாணவர்கள் நம்புகிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலரும் அதையே நம்புகிறார்கள். ரிச்சி தெருவில் ‘104’ என்று அச்சிட்ட சின்ன வட்டக் கெபாசிட்டரைக் கொத்தாக வாங்கிவந்து, போர்டில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே செருகுகிறார்கள். சர்க்யூட் திணறினால் பக்கத்தில் 10 நானோஃபாரட், அதற்கும் பக்கத்தில் 1 நானோஃபாரட் என்று அடுக்குகிறார்கள். இந்த வழக்கம் தவறு. ஐ.சி.க்குத் தேவையான மின்சாரம் எப்போது, எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்று யோசிக்கவே அது விடுவதில்லை.

0.1 வந்த வழி நியாயமானதுதான். 1960களில் வந்த 7400 வரிசை ஐ.சி.களில் பலவற்றுக்குப் பவர் 14ஆம் காலில், கிரவுண்டு 7ஆம் காலில், எதிரெதிர் மூலைகளில். வெளியீடு மாறும் கணத்தில் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் சில நானோநொடிகள் ஒருசேர மின்னோட்டத்தை விடும். அந்தச் சிறு தேவைக்கு 0.1 தாராளம், விலையும் குறைவு.

இன்று மாணவர் கையில் இருப்பது இ.எஸ்.பி.32. வைஃபை அனுப்பத் தொடங்கினால் அது சில நூறு மில்லியாம்பியர் கேட்கும். 300 என்று வைத்துக்கொள்வோம். நீளமான ஒயரில் வரும் சப்ளை ஒரே ஒரு மைக்ரோநொடி தாமதித்து, அந்த இடைவெளியை 0.1 மைக்ரோஃபாரட் மட்டும் தாங்க நேர்ந்தால் மின்னழுத்தம் 3 வோல்ட் சரியும். இருப்பதே 3.3 வோல்ட்! 10 மைக்ரோஃபாரட் இருந்தால் அதே சரிவு 0.03 வோல்ட். சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ செய்தியைப் பார்த்ததும் புரோகிராமைக் குடைகிறவர்கள், முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

இதைவிடக் கெடுதலானது ‘சின்ன மதிப்புதான் வேகமானது’ என்ற எண்ணம். கெபாசிட்டருக்குள்ளும், அதை இணைக்கும் ட்ரேஸிலும் வயாவிலும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் இருந்தே தீரும். ஒரு அதிர்வெண்ணைத் தாண்டினால் அந்தப் பாகம் இண்டக்டராகத்தான் நடந்துகொள்ளும். 0603 அளவு செராமிக் ஒன்றை நன்றாகப் பதித்து, மொத்தம் 1 நானோஹென்றி என்று கொள்வோம். 0.1 மைக்ரோஃபாரட் சுமார் 16 மெகாஹெர்ட்ஸில் மாறும். 1 மைக்ரோஃபாரட் 5 மெகாஹெர்ட்ஸில். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸில் இரண்டின் இம்பீடன்ஸும் ஒன்றே, சுமார் 0.6 ஓம். அங்கே முடிவுசெய்வது உடலளவும் பதித்த விதமும்தான். மேலே பெரிய மதிப்பால் நஷ்டம் இல்லை, கீழே லாபம் உண்டு.

சரி, 0.1 மைக்ரோஃபாரடோடு 1 நானோஃபாரடையும் சேர்த்தால்? 16க்கும் 160 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையே முதலாவது இண்டக்டராகிவிட்டது, இரண்டாவது இன்னும் கெபாசிட்டராகவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வுச் சுற்றாகும். சுமார் 110 மெகாஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ் செங்குத்தாக ஏறும்; இரண்டின் உள்தடையும் கூட்டி 0.2 ஓம் என்றால் உச்சம் சுமார் 2.5 ஓம். அதே இடத்தில் இரண்டு 0.1 போட்டிருந்தால் 0.35 ஓம்தான் வந்திருக்கும். இரைச்சலை அடக்கப் போட்ட பாகமே இரைச்சலை வளர்க்கிறது.

இடத்தையும் சொல்லியாக வேண்டும். அடியில் கிரவுண்டு தளம் இல்லாத மெல்லிய ட்ரேஸ் ஒரு சென்டிமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 10 நானோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் அதுவே 6 ஓம். அதன் நுனியில் என்ன மதிப்பைப் போட்டு என்ன பயன்?

செராமிக்கின் மேல் எழுதிய மதிப்பையும் அப்படியே நம்பக் கூடாது. எக்ஸ்7ஆர் என்ற குறி வெப்பநிலையால் வரும் மாற்றத்தை மட்டும்தான் சொல்கிறது. 16 வோல்ட் தாங்கும் சிறிய உடலில் திணித்த சில மைக்ரோஃபாரட், 12 வோல்ட் ஏறியதும் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும்.

“டேட்டாஷீட்டே 0.1 என்றுதானே சொல்கிறது?” என்பார்கள். சொன்ன பின்னில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எஸ்.டி.எம்.32எஃப்407இன் டேட்டாஷீட்டில் வி.கேப் பின்கள் இரண்டுக்கும் தலா 2.2 மைக்ரோஃபாரட், உள்தடை 2 ஓமுக்குக் கீழே என்றும் எழுதியிருக்கிறது. அது சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டரின் வெளியீடு. பழக்கத்தில் அங்கும் 104 வைத்தால் அந்த ரெகுலேட்டர் நிலையாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்.எம்.1117 என்ற ரெகுலேட்டருக்கோ நேர்மாறு: வெளியீட்டுக் கெபாசிட்டரின் உள்தடை 0.3 ஓமுக்குக் குறையக் கூடாது என்கிறது அதன் டேட்டாஷீட். நல்லது என்று நினைத்து வெறும் செராமிக்கை வைத்தால் அது அலைவுறலாம்.

ஆய்வகக் கையேடு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்யூட் படத்தில் ஒரு கெபாசிட்டரை வரைந்தால், அது எந்த மின்னோட்டத்துக்காக, எவ்வளவு நேரத்துக்காக, எந்தப் பின்னிலிருந்து எத்தனை மில்லிமீட்டருக்குள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மாணவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.