கீபோர்டுக்கு இங்கிலீஷும் தெரியாது!

"என் லேப்டாப்ல தமிழ் கீபோர்டு இல்லப்பா, அதான் தங்கிலீஷ்ல அடிக்கிறேன்." ஹாஸ்டலில் தினமும் கேட்கிற வசனம். மற்றவர்கள் சொன்னால் சரி. ஓஎஸ் பேப்பரில் இன்டரப்ட் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இப்படிச் சொல்லலாமா?

உண்மை என்னவென்றால், உங்கள் கீபோர்டுக்கு இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். யுஎஸ்பி கீபோர்டில் 'எச்' கீயை அழுத்தினால் 11 என்ற எண் போகும். லினக்ஸ் கெர்னல் அதைத் தன் கணக்கில் 35 ஆக மாற்றி மேலே அனுப்பும். நம்பிக்கை இல்லையா? எவ்டெஸ்ட் என்ற குட்டி புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். அழுத்தினால் 35-உடன் 1 வரும், விரலை எடுத்தால் 0, பிடித்துக்கொண்டே இருந்தால் 2. ஷிப்ட்டும் அப்படித்தான், அது தனியாக ஒரு 42.

கேப்ஸ் லாக் விளக்கைக்கூட பொதுவாக கீபோர்டு தானாகப் போடுவதில்லை. ஓஎஸ் சொன்னால்தான் எரியும். அதனால்தான் சிஸ்டம் மொத்தமாக ஹேங் ஆனால், கேப்ஸ் லாக்கை எத்தனை தடவை தட்டினாலும் விளக்கு அசையாது.

அப்போ 35 எந்த எழுத்து? அதை முடிவு செய்வது நீங்கள் தேர்ந்தெடுத்த லேஅவுட். இங்கிலீஷ் லேஅவுட்டில் அது 'எச்'. தமிழ்99-இல் அதுவே 'க'. கீயின் மேல் அச்சடித்திருப்பது வெறும் பெயின்ட்!

"தங்கிலீஷ்ல அடிச்சாலே தமிழா மாறுதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். சாட்டுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் முதலில் இங்கிலீஷ் எழுத்தில் யோசித்துவிட்டுத்தானே தமிழுக்கு வருகிறோம்? இந்தச் சுற்றுவழி எதற்கு? தமிழ்99-இல் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும். தமிழின் இலக்கணம் தெரிந்த லேஅவுட் அது. 1999-இல் தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 10-க்கு 2019-லேயே வந்துவிட்டது, லினக்ஸிலும் இருக்கிறது.

முதல் வாரம் கை தடுமாறும், மறுக்கவில்லை. குவெர்ட்டியும் முதல் நாளே வந்துவிடவில்லையே?

இன்று செட்டிங்ஸில் போய் தமிழ்99-ஐச் சேருங்கள். இந்த இதழுக்கு அடுத்த கட்டுரையை அதில் அடித்து அனுப்புங்கள். 'தமிழ் கீபோர்டு இல்ல' என்ற சாக்கு மட்டும் இனி வேண்டாம்.