லாரி ஓட்டுவது தண்டனையா?

“படிக்கலைன்னா லாரி ஓட்டத்தான் போவே!”

இந்த வசனத்தைக் கேட்காமல் நம் பள்ளியில் யாராவது பத்தாம் வகுப்பு வரை வந்திருப்போமா? வகுப்பிலும் சொல்கிறார்கள், வீட்டிலும் சொல்கிறார்கள். நாமும் ஒருத்தரை ஒருத்தர் இதைச் சொல்லியே கிண்டல் செய்கிறோம். அதுவும் லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் இருந்துகொண்டு! இது தப்பு என்பது என் கருத்து. ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

என் அப்பாரு 1979 முதல் 2011 வரை 32 வருஷம் லாரியில் போனவர். கிளீனராக ஏறி, டிரைவர் ஆனார். போகும்போது ஜவ்வரிசி மூட்டை, வரும்போது வெங்காயமோ ஆரஞ்சுப் பழமோ, எது கிடைக்கிறதோ அந்த லோடு. என் அப்பா பிறந்தபோது அவர் நாக்பூரில் இருந்தாராம். பதினோராம் நாள்தான் வந்து பிள்ளை முகத்தைப் பார்த்தாராம்.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் தெலுங்கு, கன்னடம், இந்தி மூன்றும் பேசுவார். நாம் ஆறுகளின் பேரை மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அவர் நாமக்கல்லில் கிளம்பி டெல்லி வரைக்கும் வரிசையாகச் சொல்வார். காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை, பாமிடியில் பென்னாறு, கர்நூலில் துங்கபத்திரை, அப்புறம் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, ஆதிலாபாத் தாண்டினால் பெங்கங்கா, நாக்பூருக்கு மேலே நர்மதை, குவாலியர் தாண்டி சம்பல். “ஆக்ராவுல யமுனையத் தாண்டாமயே டெல்லி போயிரலாம் கண்ணு” என்பார். காலாண்டுத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு எனக்கு முழு மார்க் கிடைத்தது அவரால்தான். மைல்கல்லில் மஞ்சள் தலை இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை. இதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒருமுறை ஸ்ரீநகரில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, சீனாப் ஆற்றங்கரையில் ராம்பன் என்ற ஊர்ப் பக்கம் மண்சரிவு. “அஞ்சு நாளு ஒரே எடத்துல கண்ணு. முன்னாலயும் லாரி, பின்னாலயும் லாரி. சர்தார்ஜிங்க ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க. நான் ஸ்டவ்வுல ரசம் வெச்சுக் குடுத்தேன். காரம் தாங்காம கண்ணுல தண்ணி விட்டுட்டே குடிச்சாங்க” என்று சிரிப்பார். ஆனால் பாதி ஆப்பிள் அழுகிப் போனதற்கு அவர் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதை அப்பாரு சொல்லவில்லை, ஆத்தாதான் சொன்னார்கள்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் ஜாமெட்ரி பாக்ஸை மறந்து வந்துவிட்டேன். அப்பாரு அதை எடுத்துக்கொண்டு, லுங்கியும் பழைய காக்கிச் சட்டையுமாக வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். “யாருடா அது?” என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். “பக்கத்து வீட்டு டிரைவர்” என்று சொல்லிவிட்டேன். அவர் காதில் அது விழுந்திருக்கும். பாக்ஸைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. போன தை மாதம் அவர் இறந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

எனக்கு அந்தப் பொய்யை யாரும் சொல்லித் தரவில்லை. மேலே சொன்ன வசனத்தைக் கேட்டுக் கேட்டு தானாக வந்தது.

“அப்படின்னா எல்லோரும் படிப்பை விட்டுட்டு லாரி ஓட்டப் போகலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அப்பாருவே அதற்குச் சம்மதிக்க மாட்டார். “ஓட்டறது கேவலம் இல்ல கண்ணு, தூங்க உடாம ஓட்டச் சொல்றாங்க பாரு, அதுதான் கேவலம்” என்பார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூரம் என்றால் அனுமதி பெற்று 10 மணி நேரம் வரை என்று அதில் இருந்தது. அப்பாரு விடிய விடிய ஓட்டிய கதைகளைத்தான் நான் கேட்டிருக்கிறேன். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே 32 வருஷம் ஓட்டியவருக்கு அது கிடைக்கவில்லை.

ஒரு வேலை கஷ்டமாக இருந்தால் அந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் பேச வேண்டும். அந்த வேலையைச் செய்பவரைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது. 2020-ல் ஊரடங்கு போட்டபோது நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்தோம். அரிசியும் காய்கறியும் மருந்தும் யார் கொண்டுவந்தது? டாபாக்கள் மூடிக் கிடந்த ரோட்டில் பட்டினியோடு லாரி ஓட்டியவர்கள்தானே!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களைத் திட்டுங்கள், உரிமை இருக்கிறது. ஆனால் அந்த வசனம் மட்டும் வேண்டாம். அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும் பையனோ பொண்ணோ ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

நண்பர்களே, படிவத்தில் ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில் ‘லாரி ஓட்டுநர்’ என்று தெளிவாக எழுதுங்கள். வாசலில் யாராவது காக்கிச் சட்டையோடு வந்து நின்றால், அவர் யார் என்று உண்மையைச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டேன்.



– 10ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்