எழுந்து ஓடுமா உங்கள் நகல்?

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பிடிக்காத ஒரே ஒலி, ஒலியே இல்லாமல் போவது. பாட்டு முடிந்து சில விநாடி அமைதி நீண்டாலே நேயர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். அதனால் எங்கள் தொழிலில் மாற்று ஏற்பாடு என்றால் அலமாரியில் தூங்கும் குறுந்தட்டு கணக்கில் வராது. முதல் இயந்திரம் நின்றதும் அந்த இடத்தை உடனே எடுத்துக்கொள்ளும் இரண்டாவது இயந்திரம்தான் கணக்கு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2023 அக்டோபர் 14ஆம் தேதி சிங்கப்பூரே பார்த்தது. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் முடங்கின. தரவு நிலையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. இரண்டு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. வேலையை அங்கே மாற்றவும் முயன்றார்கள். ஒன்றில் கட்டமைப்பு அமைவு தவறாக இருந்தது, மற்றதில் இணைப்புச் சிக்கல். அதனால் மாற்று நிலையங்கள் முழுமையாக எழவில்லை. ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பிறகு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

வங்கிக்கே இப்படி என்றால் நம் வீட்டு மடிக்கணினியை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

பிடோக்கில் எங்கள் புளோக்கிலேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தபோது, பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் மின்டுக்கு மாறியவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து எழுதிவருகிறார். பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. மறுபடி போய்க் கேட்க முடியாது.

“கோப்பெல்லாம் தம்ப் டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன் தம்பி, அது போதாதா?” என்று கேட்டார்.

கோப்புக்கு அது போதும். ஆனால் அவர் பழகிய தமிழ் விசைப்பலகை, பழைய எழுத்துருக்கள், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் நிரல், ஒலி தொகுக்கும் மென்பொருள் எல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து சேர்த்தவை. வட்டு போனால் அந்த மூன்று வாரமும் போகும். அவருக்குத் தேவை, செருகியதும் அதே கணினியாக எழுந்து நிற்கும் நகல்.

வட்டில் உள்ளதையெல்லாம் இழுத்து இன்னொரு வட்டில் போட்டால் அது எழாது. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள யூஇஎஃப்ஐ விழித்து, வட்டிலுள்ள ஒரு சிறு பகிர்வைத் தேடும். அங்கிருக்கும் ‘க்ரப்’ என்ற நிரல் லினக்ஸை எழுப்பும். லினக்ஸ் தன் பகிர்வை ஒரு நீண்ட அடையாள எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கும், நம் அடையாள அட்டை எண் மாதிரி. இந்தச் சங்கிலி முழுவதும் நகலில் வந்தாக வேண்டும்.

எளிய வழி ‘க்ளோன்ஸில்லா’. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான இலவசக் கருவி. அதைத் தம்ப் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வட்டிலிருந்து வட்டுக்கு என்ற வழியைத் தேர்ந்தெடுக்கலாம். தரவு இருக்கும் பகுதிகளை மட்டும் படிப்பதால் நேரம் மிச்சம். புதிய வட்டின் கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். எது மூலம், எது இலக்கு என்பதை நிறுவனப் பெயரையும் மாடலையும் பார்த்து உறுதி செய்யுங்கள். இலக்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ‘டிடி’ என்ற பழைய யூனிக்ஸ் கட்டளையும் இதைச் செய்யும். ஆனால் அது மறுபேச்சுக் கேட்காது, திசை மாறினாலும் எழுதிவிடும்.

இனித்தான் முக்கியமான கட்டம். இரண்டு வட்டுக்கும் இப்போது ஒரே அடையாள எண். இரண்டும் இணைந்திருக்கும்போது நகலிலிருந்து தொடங்கினால், பாதி வழியில் பழைய வட்டே வேலையை எடுத்துக்கொள்ளக்கூடும். நகல் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் ஐயாவின் மடிக்கணினியில் திருகாணிகளைக் கழற்றி, பழைய எஸ்எஸ்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்தோம். நகலை யூஎஸ்பியில் செருகி எஃப்12 தட்டினோம். (சில கணினிகளில் எஃப்2, எஃப்9 அல்லது எஸ்கேப்.)

மின்ட் எழுந்தது. அவர் முதலில் தமிழில் ஒரு வரி தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பதிவைத் திறந்தார். தளத்தின் சங்கு ஊதும் நேரத்தைப் பற்றி ஒரு முதியவரின் குரல் பேசத் தொடங்கியது. ஐயா அதை நிறுத்தவில்லை, கடைசிவரை கேட்டார்.

பட்டியலில் நகல் தெரியவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். தொடக்கப் பதிவைத் தாய்ப்பலகை தன் நினைவில் வைத்திருப்பதால், புது வட்டை அது அடையாளம் காணாமல் போகலாம். கழற்றக்கூடிய வட்டுக்கான முறையில் க்ரப்பை நகலில் மறுபடி நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேலும் சில: நகல் வட்டில் தேதி எழுதி ஒட்டுங்கள். பெரிய மாற்றம் எதுவும் செய்தால் புதிதாக எடுங்கள். எஸ்எஸ்டி மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் தரவை இழக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை செருகிப் பாருங்கள். உங்கள் கடவுச்சொற்களும் அதில் இருக்கின்றன, நகைபோலப் பாதுகாத்து வையுங்கள். முடிந்தால் வேறு வீட்டில். ஐயாவின் நகல் இப்போது ஜூரோங்கில் மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஏற்கெனவே நகல் வைத்திருப்பவர்கள் இந்த வாரயிறுதியில் அதை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றாலும் நல்லதுதான். பழைய வட்டு உயிரோடு இருக்கும்போதே தெரிந்துவிட்டதே!