திருமணியைத் திறக்காமல் என்ன ஆராய்ச்சி?

செங்கல்பட்டு திருமணி தடுப்பூசி வளாகத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று ஒன்றிய அரசு எடுத்த முடிவு தவறு. 2021 மே மாதம் விருப்பம் கேட்டு அறிவிப்பு விட்டார்கள். ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மாநிலத்திடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கொடுக்கவும் இல்லை, நடத்தவும் இல்லை. முடிவு தவறென்று எவரும் ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. கொரோனா பயம் தணிந்ததும் ஊரே இதை மறந்துவிட்டது. நாம் மறக்காததற்குக் காரணம் கொரோனா அல்ல, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தக் கிருமியோடு வாழ்ந்தவர்கள் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்தியர்கள். குழந்தைகளுக்கான இதன் தடுப்பூசி நாடு முழுவதற்கும் வந்து சேர்ந்தது 2011-ல்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்று ஷிப்டு பார்க்கும் தொழிலாளர்கள், உள்ளூர்க்காரரானாலும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவரானாலும், எல்லோருமே அதற்கு முன் பிறந்தவர்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவருக்கு ரத்த தானம் கொடுக்கப் போன இடத்தில் 'பாசிடிவ்' என்று சீட்டு வருகிறது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போனவர் அதே சீட்டால் 'அன்ஃபிட்' ஆகி, ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை இழந்து ஊர் திரும்புகிறார். எச்.ஐ.வி. உள்ளவரை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது. இவர்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டமும் இல்லை.

2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டெனோஃபோவிர் மாத்திரை கிருமியை அடக்கி வைக்குமே தவிர வெளியேற்றாது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே கிருமி தன் மரபுப்பொருளை வளையமாக்கிப் பதுக்கி வைத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அது மறுபடி தலையெடுக்கும். ஹெபடைடிஸ் சி-க்கு 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகும் காலத்தில், பி-க்கு 2022-ல் வெளியான பெபிரோவிர்சன் ஊசி ஆய்வில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் நீடித்த பலன் தெரிந்தது. அந்த ஒருவரை ஐவராக்க, கிருமியைக் குறைக்கும் மருந்தோடு நோயாளியின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் சிகிச்சைத் தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம்.

அந்த ஊசியை எங்கே செய்வது? மனிதருக்குப் போடும் தரத்தில், சோதனைக்குத் தேவையான சில ஆயிரம் டோஸ் மட்டும், லாபம் நிச்சயமில்லாத நிலையில் எந்தத் தனியார் ஆலை செய்து தரும்? திருமணிக்கு 2012-ல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது போட்ட பட்டியலில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இருந்தது. 100 ஏக்கர் நிலம், 594 கோடி ரூபாய், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்ற அறிவிப்பு, எல்லாம் வந்தன. பிறகு செலவு 900 கோடியைத் தாண்டும் என்றார்கள். கட்டடம் எழுந்தது, இயந்திரம் வந்தது. உற்பத்தியைத் தொடங்கி நடத்தத் தேவைப்பட்ட மிச்சப் பணத்துக்குத்தான் மனம் வரவில்லை. பாதி வழியில் கையை விரித்துவிட்டு, யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கடைவீதியில் கேட்பதற்குப் பெயர் கொள்கையா? அரசுப் பணத்தில் அரசு நிலத்தில் கட்டியது அது. நோயாளிக்கு எது தேவை என்று கேட்டிருந்தால் குத்தகை என்ற பேச்சே எழுந்திருக்காது. கணக்கு மட்டும் பார்த்தார்கள். அந்தக் கணக்கையும் சரியாகப் பார்க்கவில்லை.

இது முதல் முறையும் அல்ல. 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் என்ற அரசுத் தடுப்பூசி நிறுவனங்கள் மூன்றின் உரிமத்தையும் ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். தரம் போதவில்லை என்பது காரணம். தரத்தை உயர்த்தப் பணம் கொடுத்திருக்க வேண்டியவர்களே இதைச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பழகிய கைகள் கலைந்துவிட்டன.

கீழாநெல்லி ஆராய்ச்சிக்கு நேர்ந்ததும் இதுதான்: பாதியில் விட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. வேறு நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமா, பறித்த பருவமா, பதப்படுத்திய முறையா, முதல் ஆய்வே சிறியதா? பெரிய அளவில், பல ஆண்டு, நம் நோயாளிகளிடமே சோதித்து இரண்டில் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். வேலை செய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் அது அறிவுதான். அப்படி ஒரு முடிவைச் சொல்லாமல் விட்டதால், காமாலை என்றாலே கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகே வருகிறார்கள்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கோபம் வர உரிமை உண்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகின் மிகப் பெரிய சோதனை தொடங்கியது. ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் கையை நீட்டினார்கள். 15 ஆண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று உலகத்துக்குச் சொன்னது இந்த மண். வீடு வீடாகப் போய்ப் பெயரெழுதி, சளி எடுத்து, வருடக்கணக்கில் விடாமல் பார்க்க முடியும் என்று அன்றே காட்டியாகிவிட்டது. ஹெபடைடிஸ் பி ஆராய்ச்சிக்கும் தேவைப்படுவது அந்தப் பொறுமையான வேலைதான். இப்போது திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆள் இல்லை, அனுபவம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

ஆண்டுதோறும் ஜூலை 28-ல் கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) நாள் என்று பேனர் கட்டுகிறவர்களிடம் நாம் கேட்பது இது: குத்தகை முடிவை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யுங்கள். வளாகத்தை நீங்களே நடத்துங்கள், அல்லது கேட்கும் மாநிலத்திடம் கொடுங்கள். தடுப்பூசியோடு நிறுத்தாமல், குணப்படுத்தும் ஆராய்ச்சிக்கும் அங்கே இடம் ஒதுக்குங்கள். எந்தத் துறை, எவ்வளவு நிதி என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர், செங்கல்பட்டு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இதை எழுப்ப வேண்டும். பதில் வரும்வரை விடக் கூடாது.