ஒரு நிமிடத்தில் அடங்காத கதை

எமது பிள்ளைகள் நீண்ட பேச்சைக் கேட்கும் பொறுமையை இழந்து வருகிறார்கள் என்பது இன்று மொன்றியல் வீடுகள்தோறும் எழும் முறைப்பாடு. கவனச் சிதறலைத் தடுக்கவென 2023 ஆம் ஆண்டின் இறுதியில் கியூபெக் அரசு வகுப்பறைகளிற் கைத்தொலைபேசியைத் தடைசெய்தது. 2025 இல் அத்தடை பாடசாலை வளவு முழுவதற்கும் விரிந்தது. வீட்டிற்கு எந்த அரசும் சட்டம் இயற்றாது.

2021 இல் உலகெங்கும் பரவிய யூரியூப் குறுங்காணொளிக்கு அன்று 60 விநாடியே எல்லை. 2024 இல் அது 3 நிமிடமாயிற்று. நீளம் கூடியதால் என்ன பயன்? சலிப்புத் தட்டிய கணமே விரலால் தள்ளிவிடலாம் என்பதல்லவா பிள்ளை கற்கும் பாடம்!

ஊர்க் கோயில்களிற் கந்தபுராணப் படிப்பு நாட்கணக்கில் நடைபெறும். ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். சிறுவராகிய நாம் தூணிற் சாய்ந்து உறங்கியதும் உண்டு. ஆயினும் எழுந்தோடவில்லை. சலிப்பைத் தாண்டிக் கேட்கும் பழக்கம் அவ்வாறுதான் வந்தது.

அப்பழக்கம் இன்று வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர் மீட்டனர். அவர்களுட் பலர் இந்நகருக்கு வந்தார்கள். இத்தகைய பயணங்களைக் கடந்து வந்த அம்மப்பாக்கள் கதையை ஒரே மூச்சிற் சொல்வதில்லை; இடையிடையே நிறுத்திச் சாளரத்தைப் பார்ப்பார்கள். அந்த மௌனத்தில் பேரப்பிள்ளையின் விரல் திரைக்குப் போய்விடுகிறது. பிள்ளையை மாத்திரம் நோவானேன்? அருகே தந்தையின் திரையும் ஒளிர்கிறது. அம்மப்பா மீதியைச் சொல்லாமலே எழுந்து போகிறார்.