காலக்கெடுவும் இணைய முடக்கமும்

2020 ஆகஸ்ட் 30. முதன்முறையாக இணைய வழியில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷியாவும் மோதின. முதல் ஆட்டத்தொகுதி 3-3 என்று சமனில் முடிந்தது. இரண்டாவது தொகுதியில் உலகின் பல பகுதிகளில் இணையச் சேவை தடைபட, நிஹல் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இளம் வீரர்களின் இணைப்பு அறுந்தது. கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. இருவரும் நேரம் கடந்து தோற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியா முறையிட்டது, சர்வதேச செஸ் கூட்டமைப்பு இரு நாடுகளுக்கும் தங்கம் வழங்கியது.

இரு நாள்களுக்கு முன்பு கால் இறுதியில் நிலைமை வேறு. இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்தது. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. அந்த அணி எதிர்ப்புத் தெரிவித்து விலகியது. உலகமே அறிந்த தடங்கலுக்கு நிவாரணம் உண்டு, ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தடங்கலுக்கு இல்லை என்பதே இதன் பொருள்.

அணியும் மேல்முறையீட்டுக் குழுவும் இல்லாத சாதாரண ஆட்டக்காரரின் கதி என்ன? அர்பாட் எலோ வகுத்த முறையானாலும், இன்றைய இணையத் தளங்கள் கைக்கொள்ளும் கிளிக்கோ முறையானாலும், தரவரிசைப் புள்ளிகளைக் கணக்கிடும் சூத்திரம் கேட்பது ஒன்றைத்தான்: வெற்றியா, தோல்வியா, டிராவா? எதனால் தோல்வி என்று அது கேட்பதில்லை.

இதற்காகக் கடிகாரத்தைக் குறை கூறுவது முறையன்று. இணைப்பு போனதற்கெல்லாம் சலுகை என்றால், தோற்கும் நிலையில் இருப்பவர் தாமே இணைப்பைத் துண்டிப்பார். எனவே, இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்ற விதி தவிர்க்க முடியாதது. ஆனால், இணைப்பு அவர் கையில் இருக்கிறது என்ற அனுமானம் உண்மையாக இருக்கும்வரைதான் அந்த விதி நியாயமானது.

இந்தியாவில் அந்த அனுமானத்தைப் பலமுறை பொய்யாக்கியது அரசுதான். 2019 ஆகஸ்ட் 5-இல் ஜம்மு-காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டது. 2020 ஜனவரியில் 2ஜி சேவை கட்டுப்பாடுகளுடன் திரும்பியது. 4ஜி சேவை முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. ஒரு நகர்த்தலுக்குப் பல நாள் அவகாசம் தரும் இணைய செஸ் ஆட்டங்கள் உண்டு. அந்த அவகாசமும் பல மாத முடக்கத்தின் முன் எம்மாத்திரம்? செஸ் ஆட்டக்காரர் இழந்தது புள்ளிகள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியை எதிர்நோக்கும் மாணவரும், வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய வணிகரும் இழக்கக்கூடியது அதனினும் பெரிது.

2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம், காலவரையற்ற முடக்கம் கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஓர் ஆணைக்கு 15 நாள் என்ற உச்சவரம்பு விதியில் சேர்க்கப்பட்டது. எனினும், 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்த தகவல் தொழில்நுட்பத்துக்கான நிலைக்குழு, நாட்டில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற பதிவேடே மத்திய அரசிடம் இல்லை என்று சுட்டிக்காட்டியது. எத்தனை முறை துண்டித்தோம் என்பதையே எண்ணாதவர்கள், அதனால் யார் எதை இழந்தார்கள் என்பதை எப்படி எண்ணுவார்கள்?

சட்டம் ஒழுங்குக்காகச் சில நேரங்களில் முடக்கம் தேவைப்படுகிறது என்று அரசு வாதிடலாம். அப்படியே கொண்டாலும், முடக்கம் நீடிக்கும் நாள்களுக்கு ஈடாக அந்தப் பகுதி மக்களுக்கான அரசின் காலக்கெடுக்கள் யாவும் தாமாக நீள வேண்டும். விண்ணப்பித்துக் கேட்கும் சலுகையாக அல்ல, சட்டப்படியான உரிமையாக. முடக்க ஆணைகள் அனைத்தும் ஒரே இடத்தில் வெளியிடப்பட்டால், இணைய செஸ் தளங்களும் அந்த நாள்களின் நேரத் தோல்விகளைக் கணக்கிலிருந்து நீக்குவது கடினமன்று.

தவறு ஆட்டக்காரருடையது அல்ல என்று ஒப்புக்கொண்டதால்தான் சர்வதேச செஸ் கூட்டமைப்பு தங்கத்தைப் பகிர்ந்தளித்தது. இணைப்பைத் தானே துண்டிக்கும் அரசு, ஓடிய கடிகாரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?