தேவை கட்டணம் அல்ல, நியாயமான ஊதியம்

புதுதில்லி: கொல்கத்தாவின் பெஹாலாவில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர்கள் பலருக்கும் அமெரிக்காவின் எச்-1பி விசா ஒரு கனவு. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது அக்கனவு கலைந்தது.

இந்த விசாவால் ஊதியம் குறைகிறது என்னும் அமெரிக்கத் தொழிலாளர்களின் புகாரை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. இவ்விசாவினரையே பெரிதும் நம்பியுள்ள நிறுவனங்களும் ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலர் ஊதியம் தந்தால், கூடுதல் நிபந்தனைகளிலிருந்து தப்பிவிடலாம். 1998-இல் நிர்ணயித்த இத்தொகை இன்றுவரை உயர்த்தப்படவில்லை.

வேலை பறிபோனால் 60 நாள்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும். இல்லையேல் பெரும்பாலும் நாடு திரும்புவதே வழி. இந்த அச்சத்தில் இருப்பவர் ஊதிய உயர்வு கேட்பாரா? அவர் வாய்மூடி இருந்தால் உடன் பணிபுரியும் அமெரிக்கருக்கும் இழப்புதான்.

ஆகவே, விசா எண்ணிக்கைக்காக மட்டும் வாதாடாமல், ஊதிய வரம்பை உயர்த்தவும் அவகாசத்தை நீட்டிக்கவும் மத்திய அரசு வலியுறுத்த வேண்டும். நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கேள்வியும் இதுவே.